இன்டெல் ஸ்டிக்கரும் எரிந்துபோன ஹார்ட் டிஸ்க்கும்



எங்கள் கிளையில் சனிக்கிழமை மாலை திருமுறை வகுப்பு முடிந்ததும், அதே மண்டபத்தில் கணினி வகுப்பு நடக்கும். லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். நானும் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். இப்போது மின்னணுப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் இந்த வகுப்பு என் தலையில் விழும்.

போன ஆண்டு ஒரு நல்ல உள்ளம் படைத்தவர் பழைய லேப்டாப் ஆறு கொடுத்தார். எல்லாம் பத்து வயதுக்கு மேல். திறந்தால் விண்டோஸ் வருவதற்குள் ஒரு தே ஓ குடித்துவிட்டு வரலாம். எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகள் இதில் எப்படிப் படிப்பார்கள் என்று நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, நான்காம் படிவத் தம்பி ஒருவன் கேட்டான்:

"அண்ணே, இதுல இன்டெல்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே. அப்போ உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க்கும் இன்டெல்தான் செய்யுறானா?"

சாதாரணக் கேள்வி மாதிரிதான் தெரிந்தது. இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அதே மண்டபத்தின் மூலையில் ஒரு செத்துப்போன கணினி இருந்தது. நம் தோட்டத்தின் கடைசி ஐந்து ஆண்டுத் திருவிழாப் படங்கள் எல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தன. ஒரு மழை நாளில் மின்னல் இறங்கியதோடு அது போனது. இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்திருந்தால் அந்தப் படங்களை எடுத்திருக்கலாமோ என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. ஆகவே இந்தப் பாடம்.

கிராணியும் பால் வாளியும்

முதலில் லேப்டாப் ஏன் மெதுவாக இருக்கிறது என்று பார்ப்போம்.

நம் பாட்டிமார் காலத்தில் மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுக்கும் இடத்துக்கு வாளியோடு வருவார்கள். கிராணி உட்கார்ந்து எழுதுவார். கிராணி எவ்வளவு வேகமாக எழுதினாலும் வாளி வந்து சேர்ந்தால்தானே கணக்கு எழுத முடியும்? கணினியில் கிராணி என்பது செயலி, அதாவது இன்டெல் ஸ்டிக்கர் சொல்லுகிற சிப். அவர் மேசை, ரேம். மேசையில் இருப்பதை உடனே எடுக்கலாம், ஆனால் மின்சாரம் போனால் மேசை துடைத்ததுபோல் காலியாகிவிடும். பால் இருக்கிற காடு, ஹார்ட் டிஸ்க்.

இப்போது கணக்கு. பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லிவினாடி. நமக்கு வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அது ஐந்தரை. அதற்கு முன்னால் கை அந்தத் தடத்துக்கு நகரச் சுமார் 12. ஆகமொத்தம் ஒரு சின்னத் துண்டை எடுக்க 17 மில்லிவினாடி. நமக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆனால் 2 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அந்த இடைவெளியில் 3 கோடியே 40 லட்சம் துடிப்பு ஓடிவிடும். கிராணி பேனாவை மூடிவிட்டுத் தூங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணினி தொடங்கும்போது அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகளைப் படிக்க வேண்டும். பத்தாயிரம் என்று வைத்தால் 170 வினாடி, ஏறக்குறைய மூன்று நிமிடம். எஸ்.எஸ்.டி. என்ற புது வகைச் சேமிப்பில் சுற்றுவது, நகர்வது எதுவும் இல்லை. ஒரு துண்டுக்குச் சுமார் 0.1 மில்லிவினாடி. அதே பத்தாயிரம் துண்டுக்கு ஒரு வினாடி. நடைமுறையில் வேறு வேலைகளும் இருப்பதால் இவ்வளவு துல்லியமாக வராது, ஆனால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது இதில் தெரிந்துவிடும். லேப்டாப் மெதுவாக இருந்தால் எல்லாரும் ஐ3, ஐ5, ஐ7 என்று ஸ்டிக்கரைப் பார்க்கிறார்கள். பழைய கணினியில் பெரும்பாலும் குற்றவாளி அவர் இல்லை.

வட்டுக்குள்ளே இருக்கிற சிப்

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். ஹார்ட் டிஸ்க்கை யார் செய்கிறார்கள்?

முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐ.பி.எம். 1956-இல் வெளியிட்டது. 24 அங்குல அகலத்தில் 50 வட்டுகள். அத்தனை பெரிய பெட்டியில் சுமார் 50 லட்சம் எழுத்துகள்தான் அடங்கும், இன்றைய கைபேசிப் படம் ஒன்று வைத்தால் நிறைந்துவிடும். 1979-இல் தொடங்கிய சீகேட் நிறுவனம் அடுத்த ஆண்டே மேசைக் கணினிக்குள் நுழையும் அளவில் 5 மெகாபைட் டிஸ்க் கொண்டுவந்தது. பிறகு எத்தனையோ நிறுவனங்கள் வந்து, போட்டியில் விழுந்து, ஒன்றை ஒன்று வாங்கி, இன்று மூன்றுதான் மிச்சம்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. இன்டெல் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பச்சைப் பலகை ஒன்று இருக்கும். அதில் மோட்டாரை ஓட்டும் சிப் ஒன்று, எல்லாவற்றையும் மேய்க்கும் மண்டோர் மாதிரி கட்டுப்பாட்டுச் சிப் ஒன்று, தற்காலிக நினைவகம் ஒன்று, எட்டுக் கால் உள்ள பொடிச் சிப் ஒன்று. இந்தப் பொடிச் சிப்பை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

வட்டு நிறுவனங்கள் இந்தச் சிப்களைப் பெரும்பாலும் சிப் நிறுவனங்களிடம்தான் வாங்குகின்றன. உதாரணம் மார்வெல். 1995-இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு முதல் அடையாளம் தந்ததே ஹார்ட் டிஸ்க்கில் படிக்கும் சிப்தான். அது என்ன செய்கிறது? தலை வட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அங்கிருந்து வரும் சமிக்ஞை தெளிவான 0, 1 இல்லை, காற்றில் கேட்கும் கோயில் ஒலிபெருக்கி மாதிரி இரைச்சலோடு வரும். அந்த இரைச்சலுக்குள் எது 0, எது 1 என்று நிகழ்தகவுக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது இந்தச் சிப்பின் வேலை. அந்தக் கணக்கு கெட்டிக்காரத்தனமாக ஆக ஆக, வட்டில் பிட்களை இன்னும் நெருக்கி எழுத முடிந்தது. படிக்கும் தலையே சிப் செய்வதுபோல வேஃபர் தட்டில் அடுக்கு அடுக்காகப் படியவைத்துச் செய்யப்படுவதுதான். அந்தத் தலைகளில் ஒரு காலத்தில் பயன்பட்ட பௌதிகத்துக்கு, ராட்சதக் காந்தமின்தடை விளைவு என்று பெயர், 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, ஹார்ட் டிஸ்க்கை வெறும் மோட்டாரும் தகடும் என்று நினைத்தால் தப்பு.

வட்டு இல்லாத வட்டு

எஸ்.எஸ்.டி.யில் உறவு தலைகீழாக மாறுகிறது. ஹார்ட் டிஸ்க் வீட்டில் சிப் ஒரு விருந்தாளி. எஸ்.எஸ்.டி.யில் வீடே சிப்தான்.

1980-களில் தோஷிபாவில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோக்கா என்ற பொறியாளர் ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தார். இப்போது எல்லா எஸ்.எஸ்.டி.யிலும் இருக்கும் நாண்ட் வகை 1987-இல் அறிவிக்கப்பட்டது. தத்துவம் எளிது. மின்சாரம் கடக்காத சுவருக்குள் எலக்ட்ரான்களைத் தள்ளி அடைத்துவிட வேண்டும். மின்சாரம் போனாலும் அவை வெளியே வராது. அறையில் எலக்ட்ரான் இருந்தால் 0, இல்லாவிட்டால் 1. பேராசை பிடித்த மனிதன் அதோடு நின்றானா? ஓர் அறையில் எட்டு வெவ்வேறு அளவில் எலக்ட்ரான் வைத்து மூன்று பிட், பதினாறு அளவில் நான்கு பிட் என்று போய்விட்டான். பக்கவாட்டில் இடம் தீர்ந்ததும் அடுக்குமாடி மாதிரி மேலே கட்டத் தொடங்கினார்கள். சாம்சுங் 2013-இல் 24 அடுக்கோடு தொடங்கியது, இன்று 200 அடுக்கைத் தாண்டியாகிவிட்டது. அளவு நுணுக்கமாக நுணுக்கமாகச் சுவர் சீக்கிரம் தேயும், எழுதி அழிக்கும் எண்ணிக்கை குறையும். அதனால்தான் மலிவான எஸ்.எஸ்.டி. மலிவாக இருக்கிறது.

இந்த நாண்ட் சிப்பைச் செய்யும் ஆலை கட்டக் கோடிக்கணக்கில் இல்லை, ஆயிரம் கோடிக் கணக்கில் பணம் வேண்டும். ஆகவே உலகத்தில் பெரிய அளவில் செய்பவர்கள் ஒரு கை விரலுக்குச் சற்று மேல்: சாம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், கியாக்ஸியா, சான்டிஸ்க், மைக்ரோன், சீனாவின் ஒய்.எம்.டி.சி. கடையில் ஐம்பது பிராண்டு எஸ்.எஸ்.டி. பார்த்தாலும் உள்ளே போனால் இவர்களில் ஒருவர்தான் இருப்பார்.

அப்போது இன்டெல்? 1968-இல் இன்டெல் தொடங்கப்பட்டதே நினைவகச் சிப் செய்யத்தான், செயலி பிறகு வந்தது. ஜப்பான் நிறுவனங்களின் விலையோடு மோத முடியாமல் 1985-இல் ரேம் தொழிலை விட்டது. 2006-இல் மைக்ரோனோடு சேர்ந்து நாண்ட் தொழிலுக்குத் திரும்பியது, சொந்தப் பெயரில் நல்ல எஸ்.எஸ்.டி.களும் விற்றது. 2017-இல் ஆப்டேன் என்று ரேமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் இடையில் ஒரு புது வகையைக் கொண்டுவந்தது. வேகம் அபாரம், விலையும் அபாரம், வாங்க ஆள் இல்லை. 2022-இல் அதை முடித்துக்கொண்டது. அதற்கு முன்பே, 2020-இல், நாண்ட் தொழிலை எஸ்.கே. ஹைனிக்ஸுக்கு 900 கோடி அமெரிக்க டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. ஆக, தம்பி, உன் கேள்விக்குப் பதில்: ஹார்ட் டிஸ்க் தயாரிப்பாளர் பட்டியலில் இன்டெல் இல்லை. எஸ்.எஸ்.டி. ஒரு காலத்தில் செய்தது, இப்போது இல்லை.

நாண்ட் சிப் மட்டும் இருந்தால் எஸ்.எஸ்.டி. ஆகாது. எந்த அறை தேய்ந்தது, எங்கே எழுதினால் எல்லா அறையும் சமமாக உழைக்கும், பிழையை எப்படித் திருத்துவது என்று பார்க்க ஒரு மண்டோர் சிப் இங்கேயும் வேண்டும். அந்தச் சிப்பில் உலகப் பெயர் பெற்ற நிறுவனங்களில் ஒன்று தைவானின் ஃபைசன். அதை 2000-இல் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய புவா கெய்ன் செங் யார் தெரியுமா? சிலாங்கூர் செகிஞ்சானில் பிறந்த நம் நாட்டுக்காரர். நெல்வயலும் மீன்பிடிப் படகும் உள்ள ஊர். நாம் சட்டைப் பையில் போட்டுத் திரியும் பென்டிரைவின் ஒற்றைச் சிப் வடிவம் அவர்கள் கைவண்ணம்தான்.

நம் நாட்டிலேயே இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். 2018 ஜூலையில் வெஸ்டர்ன் டிஜிட்டல், பெட்டாலிங் ஜெயாவில் இருந்த ஹார்ட் டிஸ்க் ஆலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக அறிவித்தது. அதே நேரத்தில் பினாங்கில் எஸ்.எஸ்.டி. தயாரிப்பை விரிவாக்கிக்கொண்டிருந்தது. ஒரே நிறுவனம், ஒரே நாடு, ஒரு கதவு மூடி இன்னொரு கதவு திறக்கிறது. ஆனால் பெட்டாலிங் ஜெயாவில் டிஸ்க் பூட்டியவரைக் கூப்பிட்டுப் பினாங்கு வேலை கொடுப்பதாகாது. குடும்பம், வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளி எல்லாம் இங்கே. படிப்பைத் தேர்ந்தெடுக்கும் தங்கைகள் தம்பிகள் இந்தச் செய்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை கண்டுபிடித்தது

இனி அந்தச் செத்த கணினி.

மண்டபத்தில் அதைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. சுற்றவே இல்லை. கோலாலம்பூரில் ஒரு மீட்புக் கடையில் விசாரித்தால், அவர்கள் சொன்ன தொகை எங்கள் கிளையின் ஓர் ஆண்டு வரவுசெலவு. திரும்பி வந்து மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வகுப்புப் பிள்ளைகளுக்குப் பசியாறக் கொண்டுவந்த அத்தை, "என்னடா அது, கொடு பாப்போம்" என்று வாங்கினார்.

அத்தை பத்தொன்பது ஆண்டு செனவாங்கில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அப்போது அதிகாலையில் தோட்டத்து வாசலில் பஸ் கிலாங் வந்து நிற்கும், வீட்டுக்கு ஒரு பெண்ணாவது ஏறுவார்கள். நெகிரி செம்பிலானில் இப்போதும் இந்தத் தொழில் இருக்கிறது. மோட்டோரோலாவிலிருந்து 1999-இல் பிரிந்த ஆன்செமி செனவாங்கில் இருக்கிறது. முன்பு பிலிப்ஸ், பிறகு என்.எக்ஸ்.பி., 2017 முதல் நெக்ஸ்பீரியா என்று பெயர் மாறிய ஆலை சிரம்பானில் இருக்கிறது. இவர்கள் இன்டெல் மாதிரி செயலி செய்வதில்லை. மின்சாரத்தை அடக்கி ஆளும் டிரான்சிஸ்டர், டயோடு போன்ற பொடிச் சிப்கள்தான் இவர்கள் பிழைப்பு. கணினியில் யாரும் பெயர் சொல்லாத வகை.

அத்தை கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பலகையைப் பார்த்தார். நுண்ணோக்கியில் பத்தொன்பது ஆண்டு பார்த்த கண்.

"டேய், மோட்டார் பக்கத்துச் சிப்புல நடுவுல பாரு, கொப்புளம் மாதிரி. வெடிச்சிருக்கு. உள்ள கம்பி போயிருக்கும். மத்தது எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

உள்ளே கம்பி என்று அவர் சொன்னது, சிப்பிலிருந்து வெளிக் காலுக்கு இழுக்கும் தங்கக் கம்பி. முடியைவிட மெல்லியது, 25 மைக்ரோன் அளவில் இருக்கும். அந்தக் கம்பியைப் போடும் இயந்திரத்தைத்தான் அவர் ஓட்டினார். எஸ்.எஸ்.டி.யின் கறுப்புப் பொதிக்குள்ளும் பல நாண்ட் சிப்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, படிக்கட்டு மாதிரி விளிம்பில் இதே வகைக் கம்பி போடுகிறார்கள். உலகச் சிப் பொதியலிலும் சோதனையிலும் மலேசியாவின் பங்கு சுமார் 13 விழுக்காடு என்கிறார்கள். அதில் நம் தோட்டத்துப் பெண்களின் கண்பார்வை எவ்வளவு போனது என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை.

அப்போதுதான் புரிந்தது. வட்டு சாகவில்லை, தலை சாகவில்லை. எரிந்தது அடிப்பலகையில் இருந்த ஒரு சிப் மட்டும். படங்கள் உள்ளே பத்திரம்.

அதே மாடல் பழைய டிஸ்க் ஒன்றை வாங்கி அதன் பலகையை மாட்டினேன். சுற்றியது, ஆனால் கணினி அதை அடையாளம் காணவில்லை. இங்கேதான் அந்த எட்டுக் கால் பொடிச் சிப். ஒவ்வொரு டிஸ்க்கும் ஆலையில் சோதிக்கப்படும்போது, அந்தத் தலைக்கும் வட்டுக்கும் உரிய நுணுக்க அளவுகளை அந்தச் சின்ன நினைவகச் சிப்பில் எழுதிவைப்பார்கள். இரண்டு டிஸ்க் ஒரே மாடலாக இருந்தாலும் இரட்டைப் பிள்ளைகளின் கைரேகை மாதிரி, ஒன்றினுடையது மற்றதற்குப் பொருந்தாது. ஆகவே பழைய பலகையிலிருந்து அந்தச் சிப்பைக் கழற்றிப் புதுப் பலகையில் ஒட்ட வேண்டும். சிரம்பானில் கைபேசி பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் சூடான காற்றை அடித்துப் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். நாற்பது வெள்ளி வாங்கினார். இதை யாரும் வீட்டில் சும்மா முயன்று பார்க்க வேண்டாம். டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் அது தலையின் கோளாறு, உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள், பலகை மாற்றுவது அதற்கு மருந்து இல்லை.

லேப்டாப்களுக்கு வருகிறேன். ஆறில் ஐந்துக்கு இரண்டரை அங்குலச் சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டினோம். ஆறாவதில் நான் கோட்டை விட்டேன். அது மெல்லிய வகை, எம்.2 என்ற குச்சி வடிவ இடம் இருந்தது. வேகமானது நல்லதுதானே என்று என்.வி.எம்.இ. வகையை வாங்கினேன். அழகாக உட்கார்ந்தது, திருகையும் முடுக்கினேன். கணினி கண்டுகொள்ளவே இல்லை. எம்.2 என்பது இடத்தின் வடிவம் மட்டும், அந்த இடத்தில் பேசப்படும் மொழி சாட்டாவா என்.வி.எம்.இ.யா என்பது வேறு விஷயம். சாட்டா, ஹார்ட் டிஸ்க் காலத்து மொழி. வினாடிக்கு 600 மெகாபைட் அதன் உச்சி, ஒரே வரிசையில் 32 கட்டளைதான் நிற்க முடியும். 2011-இல் வந்த என்.வி.எம்.இ., ஃபிளாஷுக்கென்றே எழுதிய மொழி. ஆயிரக்கணக்கான வரிசை, செயலியின் பி.சி.ஐ. பாதையிலேயே பேச்சு. எந்த மொழி பேசலாம் என்பதைத் தீர்மானிப்பதில் செயலிக்கும் அதோடு வரும் சிப்செட்டுக்கும் பங்கு உண்டு. இந்த இடத்தில்தான் இன்டெல் ஸ்டிக்கருக்கும் சேமிப்புக்கும் உண்மையான உறவு. வாங்குவதற்கு முன் லேப்டாப்பின் மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். என்னைப் போல் கடையில் போய் மாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டாம்.

இன்னொன்று. படங்களை எஸ்.எஸ்.டி.யில் மட்டும் வைத்துப் பரணில் போடாதீர்கள். அடைத்த எலக்ட்ரான் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் பார்க்காவிட்டால் மெல்லக் கசியும். நீண்ட நாள் வைக்க ஹார்ட் டிஸ்க் இன்னும் மலிவு. பெரிய தரவு மையங்களும் அதைத்தான் நம்புகின்றன, சீகேட் 2024-இல் 30 டெராபைட்டைத் தாண்டிய டிஸ்க்கை அறிவித்தது. நாங்கள் இரண்டு டிஸ்க்கில் படியெடுத்து, ஒன்றைக் கோயில் அலமாரியிலும் ஒன்றை அத்தை வீட்டிலும் வைத்திருக்கிறோம்.

படியெடுக்க அன்றைக்கு நாலு மணி நேரம் ஆனது. பிள்ளைகள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன: தீமிதிக் குழி, சுண்ணாம்பு அடித்த லயம், வாளியோடு நிற்கும் என் பாட்டி. இப்போது அந்த இடத்தில் தார்ச்சாலை. ஒரு படத்தில் விடியாத இருட்டில் பஸ் கிலாங்குக்குக் காத்திருக்கும் பெண்கள் வரிசை. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்.

"மூணாவது நான். நிறுத்து, அப்படியே வை" என்றார்.